படி நான்கில் காணாமல் போகும் கோடுகள்

குழந்தைகளுக்கு வரையக் கற்றுக்கொடுப்பதாக அட்டையில் போட்டுக்கொண்டு வரும் புத்தகங்களில் பாதி, வரையக் கற்றுக்கொடுப்பதில்லை. வேறு ஏதேதோ கற்றுக்கொடுக்கின்றன, பொழுதும் நன்றாகப் போகிறது, ஆனால் வரைவது மட்டும் அதில் இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதிப் பாதியைப் பற்றி நல்லதாகத்தான் சொல்லப்போகிறேன். வீட்டில் இரண்டு பேர். பெரியவனுக்கு ஏழு வயது, இடது கைக்காரன். சின்னவளுக்கு நாலரை. பரிசாக வந்தது, நானே ஆசைப்பட்டு வாங்கியது, உறவில் யாரோ பாதி எழுதிவிட்டுக் கொடுத்தது என்று ஒரு தட்டு நிறைய இந்தப் புத்தகங்கள் கிடக்கின்றன. நான் ஓவியர் எல்லாம் இல்லை. நான் வரைந்தால் பசுவுக்கும் நாய்க்கும் வித்தியாசம் கொம்பு மட்டும்தான். அதனால்தான் எனக்கே இந்தப் புத்தகங்கள் தேவைப்பட்டன.

எண்களை வரிசையாக இணைத்தால் படம் வருகிற பக்கங்கள் எல்லாவற்றிலும் இருக்கும். பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே குழந்தை செய்வது எண் தேடுகிற வேலை. ஏழில் பென்சிலை வைத்துக்கொண்டு எட்டு எங்கே என்று கண் அலைகிறது, கிடைத்ததும் ஒரு நேர்கோடு, அப்புறம் ஒன்பது. கடைசியில் மீன் வந்து நிற்கும்போது "ஐ, மீனு!" என்று அவளுக்கே ஆச்சரியம். வரைந்தவளுக்கே தெரியாமல் ஒரு மீன் வந்திருக்கிறது. எண் பழக அருமையான பயிற்சி, அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

புள்ளிக் கோட்டின் மேல் பென்சிலை ஓட்டுகிற பக்கங்கள் இன்னொரு வகை. சின்னவள் புள்ளி வட்டத்தின் மேல் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு புள்ளியிலும் பென்சில் நிற்கிறது. நின்று, கொஞ்சம் நகர்ந்து, மறுபடி நின்று, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு ஒரு சுற்று முடிக்கிறாள். வந்தது மூலை மூலையாக ஒடிந்த ஒரு வளையம், அதில் ஆங்காங்கே மயிர் முளைத்த மாதிரி சிறு சிறு கோடுகள். அதே பக்கத்தின் ஓரத்தில், "சரி, இப்ப ஒரு பெரிய பந்து போடு பார்க்கலாம்" என்றதும் ஒரே வீச்சில் கையைச் சுழற்றி ஒன்று போட்டாள். முட்டை மாதிரிதான் இருந்தது, தொடங்கின இடமும் முடிந்த இடமும் சரியாகச் சேரவில்லை, ஆனாலும் அதில் ஓட்டம் இருந்தது. வட்டம் என்பது கை சுழல்கிற விதம். புள்ளியைப் பிடித்துக்கொண்டு போகிற கை சுழல்வதில்லை. புள்ளிக் கோடு கெடுதல் என்று சொல்ல வரவில்லை, பென்சிலைக் கட்டுக்குள் வைத்து நகர்த்தப் பழக அது கொஞ்சம் உதவும். கொஞ்சம்தான். புத்தகம் முழுக்க அதுவே என்றால் அது எழுத்துப் பயிற்சிக்கான புத்தகம், அட்டையில் யானை போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அட்டையில் "3+" என்றோ "4 முதல் 6 வயது வரை" என்றோ போட்டிருப்பதை நான் இப்போது பார்ப்பதே இல்லை. உள்ளே என்னென்ன உருவங்கள் கேட்கிறார்கள் என்று புரட்டிப் பார்க்கிறேன். ஒரு கோட்டையோ வடிவத்தையோ பார்த்து அப்படியே போடும் திறமை, பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் வருகிறது. வளர்ச்சியைச் சோதிக்கிற நிபுணர்கள் பயன்படுத்தும் தேர்வுகளே இந்த வரிசையை நம்பித்தான் இருக்கின்றன. 2 வயதை ஒட்டிக் குத்துக்கோடு, அப்புறம் கிடைக்கோடு, 3 வயதை ஒட்டி வட்டம், 4 வயதை ஒட்டிக் கூட்டல் குறி, 4-க்கும் 5-க்கும் நடுவில் சதுரம், 5 வாக்கில் முக்கோணம். சாய்சதுரம் பெரும்பாலும் 6, 7 வயது ஆன பிறகுதான். பிள்ளைக்குப் பிள்ளை சில மாதங்கள் முன்னே பின்னே இருக்கும். இதில் கவனிக்க வேண்டியது சாய்ந்த கோடு. நேராகக் கீழே இறங்குவதும் நேராகக் குறுக்கே போவதும் கைக்குச் சீக்கிரம் பிடிபடுகிறது, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிற சாய்கோடுதான் படுத்துகிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கான புத்தகத்தில் நட்சத்திரமும் கூரை வீடும் இருந்தால், அந்தப் பிள்ளை போடும் கூரை உருண்டையாகத்தான் வரும். அது கவனக்குறைவு இல்லை. கையில் இன்னும் அந்தக் கோடு வரவில்லை, அவ்வளவுதான். அதற்காகத் திட்டு வாங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சின்னவள் வரையும் மனிதர்களுக்கு வயிறு கிடையாது. ஒரு பெரிய உருண்டை, அதில் கண், வாய், அங்கிருந்தே நேராக இரண்டு கால். சில நாள் காதிலிருந்து கையும் வரும். என் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, தாத்தாவுக்கு வயிறே இல்லையே, சாப்பிட்டது எங்க போகும்?" என்று கேட்டார். அவள் படத்தை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டு, "காலுக்குப் போகும்" என்றாள். அவருக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. தலைப்பிரட்டை மாதிரி இருப்பதால் இந்த உருவத்துக்கு ஆய்வாளர்கள் அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். மூன்று நான்கு வயதில் ஏராளமான பிள்ளைகள் இப்படித்தான் போடுகிறார்கள். ரோடா கெல்லாக் என்ற அமெரிக்கப் பெண்மணி உலகின் பல இடங்களிலிருந்து லட்சக்கணக்கான குழந்தை ஓவியங்களைச் சேகரித்து வைத்துக்கொண்டு 1969-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதில் 20 அடிப்படைக் கிறுக்கல்களை வகைப்படுத்தி, அவை எப்படி வட்டம், சதுரம் என்று வடிவங்களாகி, அந்த வடிவங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, கதிர் விரிக்கும் சூரியனாகி, பிறகு மனிதனாகின்றன என்று காட்டினார். சூரியனின் கதிர்களில் சில நீண்டு கையும் காலும் ஆகின்றன! இதைப் படித்த பிறகு சின்னவளின் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன், அதில் சூரியனா ஆளா என்று சொல்ல முடியாத சில உருப்படிகள் உண்மையிலேயே இருந்தன.

அப்படியென்றால் கிறுக்கலிலிருந்து ஆள் வரைக்கும் பிள்ளை தானாகவே வந்துவிடுகிறதே, புத்தகம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், நூறு வருடத்துக்கு மேலாக இதைப் பற்றிச் சண்டை நடக்கிறது. வியன்னாவில் 1897-இல் சிறுவர்களுக்கென்று ஓவிய வகுப்பு தொடங்கிய ஃபிரான்ஸ் சிசெக், பெரியவர்கள் குறுக்கே வராமல் இருந்தாலே போதும் என்கிற பக்கம். விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் எழுதியது கலையாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்த புத்தகம். அவருக்கு வண்ணம் தீட்டும் புத்தகங்கள் மேல் ஒரே கோபம். தன் பாட்டுக்குப் பறவை வரைந்துகொண்டிருந்த குழந்தை, அச்சுப் பறவைக்கு வண்ணம் தீட்டிய பிறகு தன் பறவையை விட்டுவிட்டு அச்சுப் பறவையையே விறைப்பாகப் போடத் தொடங்கிவிடுகிறது என்று அந்தப் புத்தகத்தின் பிந்தைய பதிப்புகளில் படம் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் பிரெண்ட் வில்சன், மார்ஜரி வில்சன் என்ற இருவர் 1977-இல் எழுதினார்கள். பிள்ளைகள் தானாகவே வரைகிறார்கள் என்பதே பாதி கற்பனை, படக்கதைகளையும் மற்ற பிள்ளைகள் வரைவதையும் பார்த்துப் பார்த்துத்தான் உருவங்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் வாதம்.

எனக்கு இரண்டு பக்கமும் சரியாகப் படுகிறது, சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. படிப்படியாக வரையும் புத்தகத்தில் ஒரு பூனை கற்றுக்கொண்டாள் சின்னவள். வட்டம், அதன் மேல் இரண்டு காது, கீழே பெரிய முட்டை, வால். அன்றிலிருந்து எல்லாப் பூனையும் அந்தப் பூனை. முன்னாலிருந்து பார்த்தபடி, சிரித்துக்கொண்டு, வால் வலது பக்கம். அதற்கு முன்னால் அவள் போட்ட பூனைகள் பூனை மாதிரியே இருக்காது, ஆனால் ஒன்று ஓடும், ஒன்று எதையோ கொட்டிவிட்டு நிற்கும். லோவன்ஃபெல்ட் சொன்னது என் வீட்டு மேஜையிலேயே நடந்தது. ஆனால் இதையும் சொல்ல வேண்டும், அந்தப் பூனையைப் போட்ட அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த பெருமை ஓடும் பூனைக்கு இருந்ததில்லை. ஏனென்றால் அதை யாரிடமும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் பூனை என்றார்கள்.

அதனால் நான் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு பழக்கம். புத்தகத்தைப் பார்த்து ஒன்றை வரைந்தாளா, சரி, புத்தகத்தை மூடு. இப்போது வெள்ளைத்தாளில் அதே பூனை, ஆனால் ஒன்று மாறியிருக்க வேண்டும். தூங்குகிற பூனை. குளிருகிற பூனை. யார் மேலோ கோபமாக இருக்கிற பூனை. பின்பக்கம் தெரிகிற பூனை. அந்த ஒரு மாற்றத்தில்தான் வேலை நடக்கிறது. தூங்கும் பூனைக்குக் கண்ணை எப்படி மூடுவது? கோட்டை வளைத்தால் மூடின கண் என்று அவளே கண்டுபிடித்தாள். படுத்திருந்தால் முட்டையைச் சாய்த்துப் போட வேண்டும், வால் எங்கேயாவது போக வேண்டும். பின்பக்கப் பூனைக்கு முகமே கிடையாது என்பதை அவள் ஏற்றுக்கொள்ளவே இல்லை, இரண்டு கண்ணையும் முதுகில் போட்டுவிட்டாள், இருக்கட்டும். புத்தகம் தருவது ஒரு சொல் மாதிரி. அதை வாக்கியத்தில் போட்டுப் பார்க்கிற வரைக்கும் அது குழந்தையின் சொல் ஆவதில்லை.

படிப்படியாக வரையும் முறை ஒன்றும் புதிதில்லை. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1812-இல், வட்டத்தையும் சதுரத்தையும் வைத்தே உருவங்களைக் கட்டிக் காட்டும் பயிற்சிப் புத்தகம் ஒன்றைப் போட்டிருக்கிறார். பெரிய பொருளைச் சின்ன வடிவங்களாகப் பிரித்துப் பார்க்கலாம் என்கிற அந்த ஒரு யோசனைக்காகவே இந்த வகைப் புத்தகம் வாங்கலாம். பெரியவன் ஒரு நாள் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "அது நடுவுல ஒரு வட்டம், அப்புறம் மூணு நீட்டுப் பெட்டி" என்றான். அன்றைக்கு எனக்குப் புத்தகத்தின் காசு வந்துவிட்டது.

ஆனால் இந்தப் புத்தகங்கள் செய்கிற ஒரு அநியாயம் இருக்கிறது. முதல் படியில் வட்டம். இரண்டாம் படியில் வட்டத்தின் மேல் ஒட்டிக்கொண்டு இன்னொரு முட்டை. மூன்றாவதில் காலும் வாலும். நான்காவது படியில் வட்டமும் முட்டையும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்ட இடத்தில் இருந்த கோடுகள் எல்லாம் மாயமாகி, வழவழவென்று ஒரு முயல் உட்கார்ந்திருக்கும். பெரியவன் ஐந்து வயதில் இதைப் பார்த்துவிட்டு, "அம்மா, உள்ள இருந்த கோடு எங்க போச்சு?" என்று கேட்டான். அழிக்க வேண்டுமாம். பல புத்தகங்களில் அது எழுதியிருக்காது, எழுதியிருந்தாலும் அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஐந்து வயதுக் கை அழுத்திப் போடும் கோடு ரப்பருக்கு லேசில் மசியாது, அழிக்க அழிக்கத் தாள் கறுத்து, கடைசியில் கிழிந்தே போகும். புத்தகத்து முயலில் தழும்பே இல்லை, இவன் முயலில் கழுத்து முழுக்கக் காயம். "எனக்கு வரல" என்கிற வார்த்தையை அவன் முதலில் சொன்னது இந்த மாதிரி ஒரு நான்காம் படியில்தான்.

இதற்கு எனக்குப் பலன் கொடுத்த வழி, முதல் இரண்டு படிகளை மஞ்சள் கிரேயானில் போடச் சொல்வது. மஞ்சள் வட்டம், மஞ்சள் முட்டை. கடைசிப் படியின் கோட்டை மட்டும் கருப்பிலோ கருநீலத்திலோ மேலே ஓட்டினால் மஞ்சள் கண்ணிலேயே படாது, ரப்பர் தேவையே இல்லை. முயல் லேசாக ஒளிர்கிற மாதிரிகூட இருக்கும், அவர்களுக்கு அது கூடுதல் சந்தோஷம். ரப்பரை நான் நாலரை வயதுக்காரியின் டப்பாவில் வைப்பதே இல்லை. இருந்தால் வரைவதைவிட அழிப்பது அதிகமாகிவிடுகிறது. இன்னொன்று, படிகள் நான்கையும் ஒரே நேரத்தில் காட்டினால் பிள்ளையின் கண் நேராக நான்காவதுக்குப் போய்விடும், முதல் படியைச் செய்யவே மனம் வராது. ஒரு தாளால் மறைத்துக்கொண்டு, முடிந்த பிறகு அடுத்ததைத் திறந்து காட்டினால் அதுவே ஒரு விளையாட்டு. சில புத்தகங்களில் மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கும், திடீரென்று நிழல், ரோமம், இமை எல்லாம் வந்துவிடும். அங்கே நாமே ஒரு இடைப்படியைத் தனித்தாளில் போட்டுக் காட்ட வேண்டியதுதான். (சின்னவள் தன் அண்ணனுக்கு ஒரு "எப்படி வரைவது" புத்தகம் செய்து கொடுத்தாள். முதல் பக்கத்தில் ஒரு வட்டம். இரண்டாம் பக்கத்தில் முழு யானை. அச்சுப் புத்தகக்காரர்களின் சூட்சுமம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.)

நாலு வயது வாக்கில் எனக்கு மிகப் பிடித்த வகை இவை எதுவும் இல்லை. பாதி வரைந்து விட்டுவைத்திருக்கும் பக்கங்கள். ஒரு பெரிய மீசை மட்டும் இருக்கும், ஆளை நீ போடு. ஒரு கயிறு பக்கத்துக்கு வெளியே போகும், அந்த முனையில் என்ன கட்டியிருக்கிறது? தரையில் ஒரு ஓட்டை, அதிலிருந்து எது வெளியே வருகிறது? இதில் தப்பு செய்யவே முடியாது, பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அழகான முயல் எதுவும் உட்கார்ந்திருக்காது. வெறும் வெள்ளைத்தாளைக் கொடுத்தால் "என்ன வரையிறது" என்று முழிக்கும் பிள்ளைகூட ஒரு ஓட்டையைப் பார்த்தால் சும்மா இருக்காது. எங்கள் வீட்டு ஓட்டையிலிருந்து எலியோ பாம்போ வரும் என்று நான் எதிர்பார்த்தேன், அவள் ஒற்றைச் சாக்ஸாக வரிசையாக வரைந்து நிறுத்தினாள். காணாமல் போனதெல்லாம் அங்கேதான் இருக்கிறதாம். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கோடு, ஒன்றில் பொத்தல், பொத்தலில் ஒரு விரல். அந்த ஒரு பக்கத்தில் அவள் போட்ட கோடுகளின் வகை, புள்ளிக்கோட்டுப் புத்தகம் முழுவதிலும் கிடைக்காது. இந்தப் பக்கங்களை வீட்டிலேயே தயாரிக்கலாம் என்பது இன்னும் வசதி. ஒரு தாளில் ஒரு கதவு, ஒரு குடை, அல்லது இரண்டு கண் மட்டும் போட்டுக் கொடுத்தால் முடிந்தது, நாம் ஓவியராக இருக்கத் தேவையில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய சில சில்லறை விஷயங்கள், ஆனால் தினமும் எரிச்சல் தருவது இவைதான். வழவழப்பான பளபளத் தாளில் பென்சிலும் பிடிக்காது, கிரேயானும் வழுக்கும். மெல்லிய தாளில் ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறிவந்து அடுத்த படத்தைக் கெடுக்கும். தடிமனான புத்தகம் விரித்து வைத்தால் மூடிக்கொண்டே இருக்கும், நடுமடிப்புக்குப் பக்கத்தில் கை மேட்டிலிருந்து சரிகிற மாதிரி இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கையால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வரைவதே பெரிய வேலை. நான் தயங்காமல் பக்கங்களைப் பிரித்து எடுத்துவிடுகிறேன், தனித்தாளாகக் கொடுத்தால் அதைத் திருப்பித் திருப்பியும் வரைவார்கள். வரைய விட்டிருக்கும் பெட்டி தீப்பெட்டி அளவுக்கு இருந்தால் அந்தப் புத்தகம் சின்னப் பிள்ளைக்கு ஆகாது. அந்த வயதில் கோடு தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும் வருகிறது, விரல் நுனியின் நுணுக்கமான அசைவு பிறகுதான் வரும். பெரிய தாளைச் சுவரில் ஒட்டிக் கொடுத்தால் நின்றுகொண்டு வீசி வரைவார்கள், மணிக்கட்டுக்கும் நல்லது. ஒடிந்த கிரேயான் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், துண்டை முஷ்டியில் பிடிக்க முடியாது, விரல் நுனியில்தான் பிடித்தாக வேண்டும்.

இடது கைப் பிள்ளை இருந்தால் இன்னொரு தொல்லை. அநேகப் புத்தகங்களில் மாதிரிப் படம் இடது பக்கம், வரைய வேண்டிய காலி இடம் வலது பக்கம். வலது கைக்காரர்களுக்கு இது கண்ணிலேயே படாது. இடது கைக்காரன் வலது பக்கத்தில் வரையப் போனால் அவன் கையும் முழங்கையுமே மாதிரியை மறைத்துவிடும். பெரியவன் ஒவ்வொரு கோட்டுக்கும் கையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு முதலில் கவனச் சிதறல் என்றுதான் ஒருவர் சொன்னார். கைக்கு அடியில் படம் மாட்டிக்கொண்டிருக்கிறது, தூக்காமல் எப்படிப் பார்ப்பான்? மாதிரி மேலேயும் காலி இடம் கீழேயும் இருக்கிற புத்தகங்கள் இருவருக்கும் ஒத்துவரும். இல்லையென்றால் காலித்தாளை மாதிரிக்கு இடது பக்கமாக வைத்துக்கொள்ளலாம். ஸ்பைரல் கம்பி இடது ஓரத்தில் இருந்தால் அதுவும் அவன் கையை இடிக்கும், மேலே இருந்தால் தொந்தரவில்லை.

அப்புறம் பக்கத்தில் உட்காரும் நாம். இந்தப் புத்தகங்களில் பலவற்றைப் பிள்ளை தனியாகச் செய்துகொள்ளும் என்று நினைத்துத்தான் வாங்குகிறோம், பெரியவர்களுக்கு அரை மணி நேரம் கிடைக்குமே என்று. ஆறேழு வயதில் அது நடக்கும். நாலு வயதில் யாராவது பக்கத்தில் இருந்தால்தான் புத்தகம் வேலை செய்கிறது. இருந்து என்ன செய்வது என்பதுதான் விஷயம். பிள்ளையின் தாளில் நான் கை வைப்பதில்லை, திருத்துவதற்கும் இல்லை, "இங்க ஒரு சின்னக் கோடு மட்டும்" என்பதற்கும் இல்லை. என் தாள் எனக்கு, அவள் தாள் அவளுக்கு. இருவரும் ஒரே பக்கத்தைப் பார்த்து வரைகிறோம். என் முயலும் கோணலாகத்தான் வரும், அது பெரிய உதவி. நன்றாக வரையத் தெரிந்த பெற்றோர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

"நீயே வரைஞ்சு குடு" என்று ஒரு கட்டத்தில் வந்து நிற்பார்கள். வரைந்து கொடுத்தால் அடுத்த முறையும் கேட்பார்கள், மறுத்தால் அழுகை. நான் எதில் மாட்டிக்கொண்டாள் என்று கேட்கிறேன். "காலு வரல." காலை மட்டும் என் தாளில் போட்டுக் காட்டுகிறேன், அதுவும் மெதுவாக, கை எந்தப் பக்கம் போகிறது என்று வாயால் சொல்லிக்கொண்டே. "மேல இருந்து கீழ வா, நில்லு, இந்தப் பக்கம் ஒரு சின்னப் பாதம்." அந்த வாய்ப்பாட்டை அவள் முணுமுணுத்துக்கொண்டே போடுவாள். "சூப்பர்", "ரொம்ப அழகா இருக்கு" என்று சொல்வதை நான் முழுக்க விட்டுவிடவில்லை, வாயில் வந்துவிடுகிறது, ஆனால் "இந்த ஆள் ஏன் ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கார்?" என்று கேட்டால் கிடைக்கிற பதில் சூப்பருக்குக் கிடைக்காது. "இது என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். நமக்குப் புரியவில்லை என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

பெரியவன் இப்போது வேறு இடத்தில் நிற்கிறான். ஏழு வயதில் "நிஜமா மாதிரி" வேண்டும் என்கிற ஆசை தலையெடுக்கிறது. அவனுக்குக் கட்டம் போட்ட பக்கங்கள் பிடிக்கின்றன, மாதிரியின் ஒவ்வொரு கட்டத்திலும் கோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று பார்த்துக் காலிக் கட்டத்தில் போடுவது. பாதிப் படத்தைக் கொடுத்து மறுபாதியைக் கண்ணாடியில் தெரிவதுபோல் போடச் சொல்லும் பக்கங்களும் அப்படித்தான். கட்டம் வைத்துப் பழக்குவது பழைய வழி, கிண்டர்கார்டன் என்பதைத் தொடங்கிவைத்த ஃபிரெடரிக் ஃப்ரோபல் 19-ஆம் நூற்றாண்டிலேயே பிள்ளைகளைக் கட்டமிட்ட பலகையில் கோடு போட வைத்தார். நாலு வயதில் இதைக் கொடுத்தால் அழுகைதான் மிஞ்சும், ஏழில் இது ஒரு புதிர். கண் அளவெடுக்கப் பழகுகிறது, பாதியா, கால்வாசியா, மூலையைத் தொட்டுப் போகிறதா என்று.

புத்தகம் அவனுக்குச் செய்த பெரிய நன்மை வேறு ஒன்று. பிரெஞ்சுக்காரர் லூக்கே, தன் மகள் வரைந்தவற்றையெல்லாம் பல வருடம் கவனித்து எழுதியவர், 1927-இல் வந்த தன் நூலில் சொன்னது இது: சின்னப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தங்களுக்குத் தெரிந்ததை வரைகிறார்கள். மேஜைக்கு நாலு கால் என்று தெரியும், அதனால் நாலும் தெரிகிற மாதிரி விரித்துப் போடுவார்கள். பெட்டிக்குள் பந்து இருப்பது தெரியும், பெட்டியை ஊடுருவிப் பந்து தெரியும். பெரியவனின் பஸ்ஸில் பயணிகளின் கால் எல்லாம் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அதைத் தப்பு என்று நான் சொன்னதில்லை, எனக்கு அந்தப் பஸ்கள் பிடித்தன. ஆனால் அவனுக்கே ஒரு கட்டத்தில் அது உறுத்தத் தொடங்கியது. ஒரு புத்தகத்தில், முன்னால் இருப்பதை முதலில் முழுசாகப் போடு, பின்னால் இருப்பதன் கோடு அதைத் தொட்டதும் நிறுத்து, அந்தப் பக்கம் மறுபடி தொடங்கு என்று ஒரே ஒரு பக்கம் இருந்தது, ஒரு மரமும் அதன் பின்னால் ஒளிந்திருக்கும் ஒருவனும். அதைப் போட்டு முடித்த அன்றைக்கு அவன் வரைந்த எல்லாமே எதற்காவது பின்னால் ஒளிந்துகொண்டன. நாய்க்குப் பின்னால் பூனை, பூனைக்குப் பின்னால் பெட்டி, பெட்டிக்குப் பின்னால் யாருடையதோ ஒரு காது. இதை அவன் தானாகக் கண்டுபிடித்திருப்பானா? கண்டுபிடித்திருக்கலாம். கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கிடைத்தது என்பதுதான் புத்தகத்தின் பெருமை, ஒரு வருடம் முன்னால் அதே பக்கத்தை அவன் தாண்டிப் போயிருக்கிறான்.

ஆகவே பக்க வரிசையாகப் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதில்லை, எந்தப் புத்தகத்தையும் முடித்ததும் இல்லை. பிடிக்காத பக்கம் கிடக்கட்டும், ஆறு மாதம் கழித்துத் தானாகத் தேடி வருவார்கள், இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. போட்ட தாளின் பின்பக்கம் தேதியும் அவர்கள் சொன்ன விளக்கத்தையும் எழுதிவைக்கிறேன், இல்லையென்றால் ஒரு மாதத்தில் அவர்களுக்கே அது என்ன என்று மறந்துபோகிறது.

இப்போது பெரியவனுக்குச் சைக்கிள் வரைய வேண்டும். புத்தகத்தில் இரண்டு வட்டமும் ஒரு முக்கோணமும் போட்டு, கைப்பிடி வைத்து முடித்துவிட்டார்கள், செயினே கிடையாது. அவன் இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரு செயின் போட்டான், எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பெரியவர்களிலேயே பலர் அப்படித்தான் போடுவார்கள், வேண்டுமானால் இப்போதே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். "அப்படி இருந்தா ஹேண்டில திருப்ப முடியாதேம்மா" என்று அவனே சொல்லிவிட்டு, நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு சைக்கிள் நிற்கிற இடத்துக்குப் போனான். பெடலிலிருந்து பின்சக்கரத்துக்கு மட்டும்தான் செயின். வந்து அதை மாற்றிப் போட்டான், அச்சுப் புத்தகத்துச் சைக்கிளிலும் பேனாவால் ஒரு செயினை வரைந்து வைத்துவிட்டான்.